பொம்மியின் மூக்கும் நாலு கறுப்புத் துணிகளும்

கறுப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றரை மணி இருக்கும். பெருமாநல்லூரில் அக்கா வீட்டு மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அக்காவின் ஐந்து மாதக் குழந்தை. சர்டிஃபிகேட்டில் தன்ஷிகா, வீட்டில் பொம்மி. பாவம், அவளுக்கு மூக்கடைப்பு. படியில் கொஞ்சம் காற்றாட வைத்திருந்தால் மூச்சு விட லேசாக இருக்குமே என்று நானாக ஒரு முடிவெடுத்து அங்கே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

அரைமணி கழித்து எழுந்தேன். தோளில், மடியில், துப்பட்டாவில்... வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு.

பொம்மி போட்டிருந்தது மஞ்சள் சட்டை. சுற்றியிருந்த துண்டு நீலம். அப்படியென்றால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

நான் வேலை பார்ப்பது ஒரு பனியன் கம்பெனியின் டெஸ்டிங் லேபில். எத்தனை துவைப்பில் சாயம் போகும், எவ்வளவு தேய்த்தால் துணியில் பஞ்சு உருண்டை உருண்டையாகக் கிளம்பும் — நாள் முழுக்க இதைப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் பஞ்சைக் கண்டால் 'இது எந்தத் துணியில் இருந்து வந்தது' என்ற கேள்வி எனக்குத் தன்னால் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வந்தது.

என் தோளில் இவ்வளவு என்றால், இந்தச் சின்ன மூக்குக்குள் எவ்வளவு?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

அக்கா வீட்டுக்குக் கீழ்த்தளம்தான் மாமாவின் தையல் யூனிட். பன்னிரண்டு மெஷின். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கிவந்து தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். கீழே ஓவர்லாக் மெஷின் ஓடும், மேலே தொட்டில் ஆடும். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய.

பொம்மிக்கு மூக்கடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. சிரிக்கிறாள், உதைக்கிறாள், என் கண்ணாடியைப் பிடுங்குகிறாள். ஆனால் பாலுக்கு வாய் வைத்தால் இரண்டு மிடறு... விட்டுவிடுவாள். வாயைத் திறந்து மூச்சை இழுப்பாள். திரும்ப இரண்டு மிடறு. அப்புறம் ஒரே அழுகை. பசி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம் — எதைப் பார்ப்பாள் அவள்?

பெரியவர்கள் நாம் மூக்கடைத்தால் வாயால் மூச்சு விட்டுச் சமாளித்துக்கொள்வோம். வாயில் பால் இருக்கும்போது அதே வாயால் எப்படி மூச்சு விடுவது? எனக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க முடியாது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராவில் ஒரு டம்ளர் மோர் குடித்துப் பார்த்தேன். மூன்றாவது உறிஞ்சலில் கண் பிதுங்கியது. நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். அதற்கப்புறம் 'புள்ளை பால் குடிக்க அடம் பிடிக்குது' என்று யாரும் சொல்ல மாட்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமை டாக்டரிடம் எடை போட்டார்கள். முந்தைய முறை எங்கே நின்றதோ, முள் அங்கேயே நின்றது.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பதறவில்லை. "நெஞ்சு சுத்தமா இருக்கு. மூக்குல மட்டும்தான் அடைப்பு. ஆனா எடை ஏறலையே. பால் உள்ள போகணும். அடுத்த சனிக்கிழமை திரும்ப எடை போடுவோம். அப்பவும் ஏறலைன்னா அட்மிட் பண்ணி என்னன்னு பார்த்துரலாம்" என்றார்.

அட்மிட்.

 வரும் வழியில் அக்கா கை நீட்டிக் காரின் ஏசியை அணைத்தாள். ஒரு வாரம். ஏழு நாளுக்குள் அந்த முள் நகர்ந்தாக வேண்டும்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு. பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு. சற்றுப் பொறுத்து, ரப்பர் பல்ப் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். அதையும் நாளுக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், மூக்கு புண்ணாகிவிடும். வீட்டில் உப்புக் கரைத்து விடக் கூடாது. எண்ணெய் கூடாது, கற்பூரம் கூடாது, தைலம் கூடாது, ஆவி பிடிக்கிறேன் என்று சுடுதண்ணீர் பக்கமே குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது. விலா உள்வாங்கி மூச்சு விட்டாலோ, மூச்சு வேகமானாலோ, உதடு நிறம் மாறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பாலே வேண்டாம் என்றாலோ — சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் உடனே ஓடி வந்துவிட வேண்டும்.

இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்ன பிறகும் வைத்தியம் அங்கே முடிந்ததா? யூனிட் என்று ஒன்று இருக்கிறதே!

செக்கிங்கில் உட்காரும் சரசக்கா தேனிப் பக்கம். தைத்த துணியைத் திருப்பித் திருப்பிப் பிசிறு வெட்டிக்கொண்டே உலகத்துக்கே வைத்தியம் சொல்வார்.

"ஏ தாயி, தேங்காயெண்ணெயக் காய்ச்சி ரெண்டு சொட்டு மூக்குல விடு. எங்கூர்ல அம்புட்டுப் புள்ளையும் அப்பிடித்தான் வளந்துச்சு."

"டாக்டரு எண்ணெயே கூடாதுன்னுட்டாங்கக்கா. நுரையீரலுக்குப் போயிருமாமா" என்றாள் அக்கா.

"அடி ஆத்தீ! அப்ப என் நுரையீரல்ல இந்நேரம் கடுகே தாளிக்கலாமே!"

ஓவர்லாக் டெய்லர் ஒருவர் கற்பூரம் என்றார். இன்னொருவர் யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டினார். செந்தில் மாமா — அக்காவின் வீட்டுக்காரர், யூனிட் ஓனர் — எல்லோரையும் மிஞ்சினார்.

"ஏம் புள்ளே, கீழ நூல் உறிஞ்சற மெஷினு சும்மாதான கெடக்குது? அதுல ஒரு பொடி ட்யூப்ப மாட்டி, ஸ்பீடக் கொறச்சு வெச்சா..."

"மொதல்ல உங்க மூக்குல வெச்சுப் பாருங்க. உசுரோட இருந்தா புள்ளைக்குப் பார்க்கலாம்" என்றாள் அக்கா.

அதற்கப்புறம் இரண்டு நாள் மாமாவிடம் இருந்து எந்த ஐடியாவும் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலமே சொட்டு மருந்து ஆரம்பமானது. அக்கா தலையைப் பிடித்துக்கொள்ள, மாமா காலைப் பிடித்துக்கொள்ள, சொட்டு விடும் பொறுப்பு எனக்கு. லேபில் வேலை செய்கிறவளாம், கை நடுங்காதாம்! முதல் சொட்டு பொம்மியின் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மாமாவின் வாட்சில். மூன்றாவதுதான் மூக்குக்குப் போனது.

அடுத்து ரப்பர் பல்ப். பல்ப்பை முதலில் வெளியிலேயே அமுக்கிவிட்டு, அமுக்கியபடியே மூக்குத் துவாரத்தில் வைத்து, பிடியை மெல்ல விட வேண்டும். நான் வைத்துவிட்டு அமுக்கினேன். உறிஞ்ச வேண்டியது ஊதிவிட்டது. பொம்மி ஒரு விநாடி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள்... என் எம்.எஸ்ஸி. மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

"கொடு இங்க" என்று வாங்கி அக்காவே செய்தாள். சரியாகச் செய்தாள். ஒரு தும்மல். அப்புறம் பொம்மி பத்து நிமிடம் ஒரே மூச்சில் பால் குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆக, மருந்து வேலை செய்கிறது. ஆனால் மறுநாள் பகல் இரண்டு மணிக்குத் திரும்ப 'கொர்... கொர்...'

"காத்தால நல்லாத்தான் இருக்கறா. மத்தியானம் ஆனா அடைச்சுக்குது. பொழுதோட இன்னும் எச்சாப் போயிருது" என்றாள் அக்கா. மத்தியானம், சாயங்காலம் என்று மணி பார்த்து வருமா ஒரு மூக்கடைப்பு? ஆபீஸ் டைமிங் மாதிரி?

அதே ஞாயிற்றுக்கிழமைதான் என் கறுப்புச் சுடிதாரில் பஞ்சு. ஷிப்மென்ட் அவசரம் என்று அன்றைக்கும் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. கீழே தைத்துக்கொண்டிருந்தது வெள்ளை பனியன்.

திங்கட்கிழமை காலை லேபில் இருந்து உள்ளங்கை அகலத்தில் கறுப்புத் துணி நாலு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று தொட்டிலுக்குள். ஒன்று சமையலறை ஷெல்பில். ஒன்று படுக்கையறை ஜன்னலில். ஒன்று மாடிப்படி உச்சியில். எங்கே அதிகம் பஞ்சு ஒட்டுகிறது என்று பார்த்தால் கள்ளன் அகப்பட்டுவிடுவான் அல்லவா?

"ஏ அம்மிணி, ஊட்டுக்குள்ள மூலைக்கொண்ணு கறுப்புத் துணி வெச்சா ஒறம்பரைக்கு வர்றவங்க என்ன நெனைப்பாங்க? ஆரோ செய்வினை வெச்சாப்பல இருக்குது!" என்றாள் அக்கா, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களை நினைத்து.

"நாலே நாளுங்கக்கா. நானே வந்து எடுத்தர்றேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சந்தேகம் தொட்டில் மேல்தான் இருந்தது. தொட்டிலில் விரித்திருந்தது உட்பக்கம் சுரண்டிப் பஞ்சு எழுப்பிய, புசுபுசுவென்ற ஃப்ளீஸ் துணி. அழகாக இருக்கிறதே என்று வாங்கிக் கொடுத்தது யார்? நான்தான். அக்காவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றுகூட வண்டியில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் பார்த்தால்... தொட்டில் துணியில் கொஞ்சம். ஜன்னலில் கொஞ்சம். சமையலறையில் பேருக்கு ஒன்றிரண்டு. மாடிப்படித் துணி மட்டும் ஊட்டிப் பனி விழுந்தது போல!

என் கணிப்பு அவுட். பரவாயில்லை. தப்பான கணிப்பும் ஒரு வழியை அடைத்துத் தருகிறது.

செவ்வாய்க்கிழமை அக்காவையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டேன். படியில் இருக்கும் துணியை இரண்டு மணிக்கொரு தரம் மாற்றி, எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்ப வேண்டும். செய்வினை என்று கிண்டல் பண்ணியவள் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஒன்பதில் இருந்து பதினொன்று வரை — பெரிதாக ஒன்றும் இல்லை. பதினொன்றில் இருந்து ஒன்று வரை — அப்படியே. ஒன்றில் இருந்து மூன்று வரை — வெள்ளை வெளேர். மூன்றில் இருந்து ஐந்து வரை — சுத்தம். ஐந்தில் இருந்து ஏழு வரை — மறுபடி வெளேர்.

லேபில் என் டேபிளில் போனை வைத்துக்கொண்டு முழித்தேன். ஒரு மணி என்பது யூனிட்டில் சாப்பாட்டு நேரம். சாயங்காலம் ஆறு என்றால் வேலை முடியும் நேரம். பன்னிரண்டு மெஷினும் கடகடவென்று ஓடும்போது பேசாமல் கீழேயே கிடக்கிற பஞ்சு, மெஷின் நின்றதும் கிளம்பி மாடி ஏறுகிறது. ஏன்? பஞ்சுக்கும் லஞ்ச் பிரேக்கா?

புதன்கிழமை மத்தியானம் இரண்டே கால். அக்காவிடம் இருந்து போன். குரலே சரியில்லை.

"அம்மிணி... சளி பச்சையா வருது."

பச்சைச் சளி என்றால் தொற்று என்றுதானே யாருக்கும் தோன்றும்? பர்மிஷன் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். நூல் எண்ணுகிற லென்ஸை என்ன நினைத்துப் பையில் போட்டுக்கொண்டேனோ தெரியாது.

துடைத்த துணியை அக்கா பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸை வைத்தேன். சளி தண்ணீர் போலத்தான் இருந்தது. அதன் நடுவே முடியைவிட மெல்லிசாக, சுருண்டு, பொட்டு மாதிரிச் சேர்ந்த இழைகள். கிளிப்பச்சை.

அன்று காலையில்தான் கீழே வெள்ளை பனியன் முடிந்து கிளிப்பச்சை டீஷர்ட் ஆரம்பித்திருந்தது.

"சளி பச்சை இல்லீங்கக்கா. நூலுதான் பச்சை."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நிம்மதியாக என்று நினைத்தேன். இல்லை.

"அப்ப நாந்தான் கொண்டாறனா? காத்தால ரெண்டு மணி நேரம் செக்கிங்ல போயி உக்கார்றேன்ல... அந்தத் துணியோடவே வந்து இவளத் தூக்கறேன்..."

குழந்தை பிறந்து நாலு மாதம் கழித்து அப்போதுதான் யூனிட்டுக்கு இறங்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்குப் பிடித்த வேலை அது. மாமாவைவிட அவளுக்குக் கணக்கும் கண்ணும் நேர். "நாளையிலிருந்து கீழ போகல" என்றாள், யாரும் கேட்காமலேயே.

அந்த நேரத்தில் நான் சொல்ல நினைத்தது: காலை ஒன்பது மணியில் இருந்து பதினொன்று வரைதானே கீழே இருக்கிறீர்கள், நீங்கள் ஏறி வந்த பிறகு ஒரு மணி வரை இருந்த துணியும் சுத்தமாக இருக்கிறதே! அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவிடம் டேட்டா செல்லுபடியாகுமா? கண்ணால் பார்த்துக் காட்ட வேண்டும்.

வியாழக்கிழமை பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு மேல்படியில் நான் ஆஜர். எனக்குப் பின்னால் பொம்மியோடு அக்கா, கதவுக்கு உட்பக்கம். ஒரு மணிக்கு மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ டிபன் பாக்ஸ் திறந்தார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம். 'புஸ்ஸ்ஸ்ஸ்...'

படிக்கட்டின் அடியில் மாமா. கையில் ஏர் கன் — கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சி அடிக்கும் துப்பாக்கி. மெஷின் இடுக்கில் சேரும் பஞ்சை ஊத யூனிட்டுக்கு யூனிட் இருக்கும். வேலை முடிந்ததும் டெய்லர்கள் அதைத் தங்கள் மேலேயே அடித்துக்கொள்வார்கள். பஞ்சு பறந்து போகும், வியர்வைக்குக் குளுகுளு என்றும் இருக்கும். மாமா அதை அடித்துக்கொண்ட அழகு இருக்கிறதே! சட்டை, காலர், கை மடிப்பு, பேண்ட், தலைமுடி, காதுக்குப் பின்னால்கூட. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி முதுகுக்கும் அடித்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து டெய்லர்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

கிளிப்பச்சையில் ஒரு மேகம். அந்த மேகம் கீழே இறங்கவில்லை. மாடிப்படி புகைபோக்கி மாதிரி அதை இழுத்தது. மெல்ல, படிப்படியாக, என்னைத் தாண்டி, வீட்டுக்குள்...

மாமா துப்பாக்கியை மாட்டிவிட்டுக் கையை விரித்தபடி ஏறி வந்தார். "பொம்மீ... அப்பா வந்துட்டனுங்களே!"

"ஏனுங்க மாமா," என்றேன், "இந்தப் பைப்ப எப்ப இங்க மாட்டுனீங்க?"

"இதுங்களா அம்மிணி? ஆச்சு, மூணு வாரம். மொதல்ல அந்தக் கோடியில இருந்துச்சு. புள்ளையத் தூக்கறமல்ல, பஞ்சோட போயித் தூக்கப்படாதுன்னுதான் படிகிட்டயே மாத்துனேன். சுத்தமா வரோணுமில்லீங்க?"

 மாமா என் முகத்தைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார். கறுப்புச் சுடிதார் — இந்த முறை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போயிருந்தேன். தோள் முழுக்கப் பச்சை.

பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்ற புள்ளைக்கு நானேங்களா..."

அக்கா கத்துவாள் என்று பார்த்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் வந்து, பொம்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வந்திருந்தா முடிஞ்சுதல்லங்க..." என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீரும் வந்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? குழந்தையைத் தூக்கும் முன் கை கழுவுகிற அப்பாக்களைப் பாராட்டுகிறோம். இந்த அப்பா தன்னை முழுசாகவே கழுவிக்கொண்டு வந்திருக்கிறார் — காற்றால். அழுக்கைத் தன் மேலிருந்து போக்கினார். அது எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அன்றைக்கே பைப்பைக் கழற்றி, யூனிட்டின் பின்கதவுக்கு வெளியே, திறந்த வெளியில் மாட்டினார்கள். படிக்கட்டுக் கதவு சாத்தியே இருந்தது. மாமா கீழேயே சட்டை மாற்றிக்கொண்டு ஏறினார். அக்கா மறுபடி செக்கிங்குக்குப் போனாள். வெள்ளிக்கிழமை படித் துணி கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருந்தது. சொட்டு மருந்து தேவைப்பட்டது காலையில் ஒரு தடவைதான். பொம்மி பாலுக்கு வாய் வைத்தால், குடித்து முடித்துவிட்டுத்தான் எடுத்தாள்.

சனிக்கிழமை எடை. அக்கா முள்ளைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

ஏறியிருந்தது. அள்ளிக்கொண்டு ஏறவில்லை, ஆனால் ஏறியிருந்தது. "அட்மிஷன் எல்லாம் வேண்டாம்" என்றார்.

நான் விடுவேனா? டேப்பில் ஒட்டி, நாள் நேரம் எழுதி வைத்திருந்த பஞ்சையெல்லாம் எடுத்து டேபிளில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்.

"பஞ்சு காரணமா இருக்கலாம்ங்க. ரெண்டு வாரத்துச் சளி அதுவாவே குறைஞ்சும் இருக்கலாம். சொட்டு மருந்தைச் சரியா விட ஆரம்பிச்சதாலயும் இருக்கலாம். மூணும் ஒரே வாரத்துல நடந்திருக்கே, எதுன்னு எப்படிச் சொல்றது?"

 லேபில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே இதுதான் — ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று!

வெளியே வந்ததும் அக்காவிடம் ஆரம்பித்தேன். "அக்கா, ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பைப்ப மறுபடி படிகிட்ட..."

"உன்ற ஆராய்ச்சிக்கு என்ற புள்ள மூக்குதான் கெடச்சுதா?"

பைப் பேச்சை அதோடு விட்டேன்.

ஆனால் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுபோய்ப் பின்கதவுக்கு வெளியே, அங்கிருந்த துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். பைப் புதிதாகப் போன இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாமே... வெறும் ஆர்வம்தான்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்தத் துணி தானே என்னைத் தேடி வந்தது. கொண்டுவந்தது பூனம். பிளாட்லாக் மெஷின் ஓட்டும் ரஞ்சித்தின் மனைவி, பீகார். பின்கதவைத் தாண்டினால் வரிசையாக மூன்று ரூம், அதில் முதல் ரூம் அவர்களுடையது. கொடியும் அவளுடையதுதான்.

"தீதீ, இது உங்க துணிதானே? எங்க கொடியில இருந்துச்சு." தீதீ என்றால் அக்காவாம்.

துணி கறுப்பாக இல்லை. புல் முளைத்த மாதிரி இருந்தது.

ஆனால் துணியைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு இன்னொன்று கேட்டுவிட்டது. அவள் இடுப்பில் இருந்த ஏழு மாத ஆர்யனிடம் இருந்து — 'கொர்... கொர்...'

"எத்தனை நாளாப் பூனம்?"

"தீன் தின். மூணு நாள், தீதீ. பால் குடிக்க மாட்டேங்கறான். குடிக்கறான், விட்டுடறான், அழறான்."

மூன்று நாள். சனி, வெள்ளி, வியாழன். நான் விரல் விட்டு எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை.

இதுவும் தற்செயலாக இருக்கலாம். வெறும் சளியாக இருக்கலாம். டாக்டரம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார், சரியாகவும் சொல்லியிருப்பார். ஆனால் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை நாங்கள் பஞ்சை ஒழித்துவிட்டதாக நினைத்துச் சிரித்தோமே... ஒழிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பி வைத்திருக்கிறோம். திறந்த வெளிதானே என்றோம். அந்தத் திறந்த வெளியில் ஒரு கொடி இருந்தது, கொடியில் ஆர்யனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

 அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பூனத்தையும் ஆர்யனையும் காரில் ஏற்றி, அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். நெஞ்சு சுத்தம், மூக்கு மட்டும்தான். ஆர்யனுக்கென்று தனிச் சொட்டு மருந்து, தனி பல்ப். திரும்பி வந்ததும் ரூம் வாசலில் உட்கார்ந்து, காற்றில் அமுக்கிக் காட்டி, அமுக்கியபடியே கொண்டுபோய், மெல்ல விட்டுக் காட்டினாள். பாஷை ஒன்றும் தேவைப்படவில்லை. பூனம் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தாள். (எம்.எஸ்ஸி. எல்லாம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.) ஆர்யன் தும்மினான். அப்புறம் பால் குடித்தான்.

மாமா பின்கதவருகே நின்றுகொண்டிருந்தார், கையில் கழற்றிய பைப்போடு.

"இதைய இனி எங்க மாட்டறதுங்க, அம்மிணி?"

நல்ல கேள்வி. கிழக்குப் பக்கம் ரோடு, அங்கே டீக்கடை. மேற்கே அடுத்த யூனிட். அதன் மாடியிலும் ஒரு வீடு. எங்கே மாட்டினாலும் அந்தப் பக்கம் ஒரு மூக்கு இருக்கிறது.

"எங்கயும் மாட்ட வேண்டாங்க மாமா."

இப்படித்தான் ஈரத் துண்டு வந்தது. ஈரத் துணியில் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், பறக்காது. லேபில் மேஜையை நாங்கள் அப்படித்தான் துடைக்கிறோம். ஏர் கன் மெஷினுக்கு மட்டும், அதுவும் கதவு ஜன்னல் சாத்தி, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, நாள் கடைசியில் ஒரே தடவை. ஆட்களுக்கு? ஆளுக்கொரு ஈரத் துண்டு, வேலைச் சட்டையை யூனிட்டிலேயே விட்டுப்போக ஆளுக்கொரு ஆணி.

டெய்லர்களிடம் சொன்னதும் ஒரே கூச்சல். "ஏனுங்க அம்மிணி, நாள் முச்சூடும் வேர்த்து வழியறமுங்க. அந்தக் காத்து ஒண்ணுதான் எங்களுக்கு சொகம். அதையும் புடுங்குனா எப்புடிங்க?" என்றார் கற்பூரம் சொன்ன அதே ஓவர்லாக் டெய்லர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "ஒரு வாரம் பார்ப்போமுங்க. அதுக்கப்புறம் சாப்புடற எடத்துல ஒரு பெரிய ஃபேன் போட்டுத் தர்றேன்" என்றார் மாமா. சரசக்கா மட்டும் கத்தரியைக் கீழே வைக்காமல் சொன்னார்: "எனக்கு ரெண்டு துண்டாக் குடுத்துருப்பா. நான் கொஞ்சம் அகலம்."

வரும் திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பம். பன்னிரண்டு துண்டு நனைத்துப் பிழிந்து தயாராக இருக்கும், சரசக்காவுக்குத் தனியாக இரண்டு. இந்த முறை கறுப்புத் துணி நாலு இல்லை, எட்டு — நாலு அக்கா வீட்டில், நாலு பூனத்தின் வரிசையில். பூனம் அவள் பக்கத்துத் துணியை இரண்டு மணிக்கொரு தரம் மாற்றிப் போட்டோ அனுப்பச் சம்மதித்திருக்கிறாள். இந்தத் தடவை மாற்றப்போவது அந்தக் காற்று ஒன்றைத்தான், டாக்டரம்மா!

ஏதாவது கிடைக்காதா என்று தேடுவதுதான் என் வேலை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றுமே கிடைத்துவிடக் கூடாது என்ற ஆசையோடு ஒரு டெஸ்ட் வைக்கப் போகிறேன்.